கடைசிக் கச்சேரிக்கு முன்: சிறு இசைப் பதிவு நிறுவனங்கள் விடைபெறும் முறை

1995 ஆகஸ்டு மாத இறுதியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத் துறையில் நிறுத்தப்பட்டிருந்த தெக்லா என்ற பழைய கப்பலில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் என்னும் இருவர் 1987-இல் தொடங்கி நடத்திவந்த சாரா ரெக்கார்ட்ஸ் என்ற சிறு பதிவு நிறுவனம், தன் நூறாவது வெளியீட்டோடு விடைபெற்ற நிகழ்ச்சி அது. அந்த நிறுவனத்தைக் கடன் முடக்கவில்லை, பெரிய நிறுவனம் எதுவும் விலைக்கு வாங்கவும் இல்லை. நூறோடு நிறுத்துவது என்று நடத்தியவர்களே முடிவு செய்து, இசைப் பத்திரிகைகளில் விளம்பரமும் கொடுத்து, தங்கள் இசைக்குழுக்களையும் இரசிகர்களையும் ஒரே இடத்தில் கூட்டி முடித்துக்கொண்டார்கள். சுயேச்சையான இசைப் பதிவு நிறுவனங்களின் வரலாற்றில் இப்படி ஒழுங்காக விடைபெற்றவை மிகச் சில. பெரும்பாலானவை ஒரு நாள் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடும், அவ்வளவுதான்.

டர்பனில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இந்த இரண்டாவது வகை முடிவுதான் பழக்கமானது. கிரே தெருவிலும் விக்டோரியா தெருவிலும் இருந்த இசைத்தட்டுக் கடைகள், திருமண ஆர்க்கெஸ்ட்ராக்களின் பாடல்களைக் கேசட்டில் பதிந்து விற்றவர்கள், பக்திப் பாடல்களைக் குறுந்தகடாக்கித் திருவிழா நாட்களில் கடை பரப்பியவர்கள் என்று எத்தனையோ சிறு முயற்சிகள் எந்த அறிவிப்பும் இல்லாமல் மறைந்துவிட்டன. தெருக்களின் பெயர்களும் இன்று டாக்டர் யூசுப் தாது தெரு, பெர்த்தா ம்கீசே தெரு என்று மாறிவிட்டன. ஆகவே ஒரு சிறு பதிவு நிறுவனம் கடைசியாக ஒரு கச்சேரி வைத்து விடைபெறுகிறது என்றால் அதன் பொருள் என்ன, அந்த மேடைக்குப் பின்னால் என்னென்ன தீர்க்கப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நமக்கு அவசியம் என்று நினைக்கிறேன். கைதட்டலோடு அந்த இரவு முடிந்துவிடலாம். ஆனால் ஒலிநாடாக்களும் உரிமைகளும் கணக்குகளும் மறுநாள் காலையில் யாரோ ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும்.

முதலில் ஒரு பதிவு நிறுவனம் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். பாடுபவரும் வாசிப்பவரும் தங்கள் கலையைத் தருகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கான வாடகை, பதிவுப் பொறியாளருக்கான ஊதியம், தட்டு அல்லது கேசட் அடிக்கும் செலவு, உறை அச்சிடும் செலவு, கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் செலவு ஆகியவற்றை நிறுவனம் முன்பணமாகப் போடுகிறது. விற்ற பிறகு அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு, மீதியை ஒப்பந்தப்படி பங்கிடுகிறது. பெரிய நிறுவனத்துக்கு இதில் பத்தில் ஒன்று பலித்தால் போதும், மற்ற ஒன்பதின் நட்டத்தை அது ஈடுகட்டிவிடும். சிறு நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு தட்டில் வந்த பணத்தைத்தான் அடுத்த தட்டில் போட முடியும், இடையில் ஒரு விநியோகஸ்தர் பணம் தராமல் இழுத்தடித்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பெரும்பாலும் ஒருவரோ இருவரோ, வேறு வேலை பார்த்துக்கொண்டு, வீட்டின் ஓர் அறையில் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டுதான் இதை நடத்துகிறார்கள். அவர்களுடைய உடல்நலமும் குடும்பச் சூழலும் அந்த நிறுவனத்தின் ஆயுளை நேரடியாகத் தீர்மானிக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் சிறு நிறுவனங்களின் வரலாறு இன்னொரு சுமையையும் சுமந்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்கில் லாய்ட் ராஸ் நடத்திய ஷிஃப்டி ரெக்கார்ட்ஸ், 1983-இல் ஒரு கேரவன் வண்டிக்குள் பொருத்திய ஒலிப்பதிவுக் கூடத்தை லெசோத்தோவின் மசேருவுக்கு இழுத்துச் சென்று, சன்கொமோட்டா குழுவின் பாடல்களைப் பதிந்தது. அந்தக் குழு தென்னாப்பிரிக்காவுக்குள் வரத் தடை இருந்ததால் கூடமே அவர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் கவிஞர் ம்ஸ்வாகே ம்புலியின் பதிவு, 1989-இல் வெள்ளை இளைஞர்களிடையே பெரும் அதிர்வை உண்டாக்கிய ஃபோயல்ஃப்ரே இசைப்பயணத்தின் பாடகர்களது பதிவுகள் என்று, அரசு வானொலி தொடவே தயங்கியவற்றை எல்லாம் அது வெளியிட்டது. வானொலியில் ஒலிக்காத தட்டை விற்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிறவெறி ஆட்சி விழுந்த பின்பு, 1990-களின் நடுவில், அந்த நிறுவனம் ஓய்ந்துபோனது. எந்த எதிர்ப்பின் தேவை அதை உருவாக்கியதோ அந்தத் தேவை மாறிவிட்டது. சந்தையோ அதற்குள் வேறு கைகளுக்குப் போய்விட்டது. ஆனால் 2014 செப்டம்பரில், ஜோகன்னஸ்பர்கில் உள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தில், ஷிஃப்டியின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சியும் பழைய கலைஞர்களின் நிகழ்ச்சிகளும் நடந்தன. விடைபெறும் நிகழ்ச்சி இருபது ஆண்டு தாமதமாக நடந்ததைப் போன்றது அது. அதைச் சாத்தியமாக்கியது ஒரே ஒரு விஷயம்தான்: நாடாக்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன.

நம்மவர்களோடு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ரஷீத் வாலி. ஜோகன்னஸ்பர்கின் இந்திய வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், கோஹினூர் என்ற தம் கடையில் ஜாஸ் இசைத்தட்டுகளை விற்றுக்கொண்டே, தாமே பதிவுகளையும் வெளியிடத் தொடங்கினார். டாலர் பிராண்ட் என்று அப்போது அறியப்பட்ட அப்துல்லா இப்ராஹிம், 1974-இல் கேப்டவுனில் பதிந்த 'மன்னன்பர்க்' என்ற நீண்ட இசைக்கோவையை வாலியின் அஷ்-ஷம்ஸ் நிறுவனம்தான் வெளியிட்டது. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே இசைக்கோவை நிறைத்திருந்தால் வானொலிக்கும் பிடிக்காது, பெரிய நிறுவனங்களுக்கும் பிடிக்காது. வாலி அதைத் தம் கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துத் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி போட்டார், மக்கள் உள்ளே வந்து வாங்கினார்கள். அந்த இசை பின்னாளில் நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கடை முதலாளியே பதிப்பாளர், பதிப்பாளரே விற்பனையாளர், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே அடுத்த வெளியீட்டைத் தீர்மானிக்கிறவர் என்ற இந்த அமைப்பு கிரே தெருவில் வளர்ந்த எவருக்கும் உடனே விளங்கும். வாலி 2024-இல் காலமானார். அவருடைய வெளியீடுகள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே முறையாக மறுவெளியீடு கண்டுவருகின்றன. மூல நாடாக்களும் உரிமைகளும் சிதறாமல் ஒரே கையில் இருந்ததன் பலன் இது.

டர்பனின் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளோடு பறையும் உடுக்கையும் தெருக்கூத்தும் வந்தன. தெருக்கூத்து இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்ற பெயரில் கரும்புத் தோட்டங்களில் வளர்ந்தது. பின்னர் திரைப்படங்கள் வந்தன. திரைப்பாடல்களை வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் திருமணங்களிலும் கோயில் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளிலும் பெருகின. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. 1993 வரை அந்தத் தடை நீடித்தது. அரசியல் ரீதியாக அது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் முன்னோர்களே அதை வேண்டினார்கள். அதே சமயம் சென்னையிலிருந்து நேரடியாக இசைத்தட்டு வரவழைக்கும் வழி அடைபட்டதால், இங்கே உள்ளவர்கள் தாங்களே பாடி, தாங்களே வாசித்து, தாங்களே பதிந்துகொள்ள வேண்டிய நிலை உருவானது. ஒரு தட்டு வந்து சேர்ந்தால் அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத இளைஞர்களுக்காக ஆங்கில எழுத்தில் பாடல் வரிகளை எழுதிப் பாடினார்கள். அந்த உச்சரிப்பிலும் இசைக்கருவிச் சேர்க்கையிலும் டர்பனுக்கே உரிய ஒரு நடை இருக்கிறது. சென்னைக்காரர் ஒருவர் அதைப் பிழை என்று சொல்லக்கூடும். எனக்கு அது நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் ஒலி.

இனவாரியாக மக்களைத் தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் இந்த உலகத்தின் அடித்தளத்தையே பெயர்த்தது. கேட்டோ மேனரில் வாழ்ந்தவர்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் பிறகு ஃபீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். பம்பி நாயுடு விக்டோரியா தெருவில் நடத்திய குட்வில் லவுஞ்ச் போன்ற உணவகங்கள், இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒன்றாக அமர்ந்து ஜாஸ் கேட்ட இடங்கள், தாக்குப்பிடிக்க முடியாமல் போயின. இடம்பெயர்ந்த வீடுகளில் எத்தனை இசைத்தட்டுகள் உடைந்திருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. 1983-இல் ரேடியோ லோட்டஸ், இன்றைய லோட்டஸ் எஃப்எம், தொடங்கப்பட்டபோது உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஓர் ஒலிபரப்பு மேடை கிடைத்தது. ஆனால் ஒலிபரப்பு வேறு, பதிவைப் பாதுகாப்பது வேறு. வானொலிக்குக் கொடுத்த நாடா திரும்பி வராதபோது, வெளியிட்டவரிடம் இன்னொரு படி இருந்ததா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

இப்போது உரிமைக்கு வருகிறேன்; கட்டுரையின் மையம் இதுதான். விடைபெறும் நிறுவனத்தின் கையில் இரண்டு வகைச் சொத்துகள் இருக்கின்றன. ஒன்று பாடலின் மீதான உரிமை, அதாவது மெட்டும் வரிகளும். மற்றொன்று ஒலிப்பதிவின் மீதான உரிமை. இரண்டும் வேறு வேறு என்பது நம் கலைஞர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 1939-இல் சாலமன் லிண்டா என்ற சூலுப் பாடகர் காலோ நிறுவனத்துக்காக 'ம்புபே' என்ற பாடலைப் பதிந்தார். அதன் உரிமையைச் சில ஆண்டுகளுக்குப் பின் வெறும் 10 ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மெட்டு அமெரிக்காவில் வேறு வரிகளோடு உலகப் புகழ் பெற்றது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்கள் வழக்காடி 2006-இல்தான் ஓர் உடன்பாட்டை அடைந்தார்கள். இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ். 1992-இல் அது திவாலானபோது அதை வாங்க வந்த பெரிய நிறுவனம், இசைக்குழுக்களே எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை என்ற பொருளில் எழுதப்பட்ட ஒரு தாளைக் கண்டது. வாங்க அங்கே எதுவும் இல்லை. நிறுவனம் போனது, இசை கலைஞர்களிடமே நின்றது. ஒரு துண்டுத்தாள் ஒரு குடும்பத்தின் வாழ்வைப் பறிக்கவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உணரலாம்.

தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவரை அந்தப் பதிவின் ஆக்குநராகக் கருதுகிறது. நடைமுறையில் அவர் பதிவு நிறுவனத்தை நடத்தியவராக இருப்பார். பதிவு வெளியான ஆண்டின் இறுதியிலிருந்து 50 ஆண்டுகள் வரை அந்த உரிமை நிற்கிறது. இந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்து வடிவில், கொடுப்பவரின் கையொப்பத்தோடு செய்தாக வேண்டும்; மேடையில் நின்று 'எல்லாம் இனி உங்களுக்கே' என்று அறிவித்தால் சட்டத்தின் முன் அது செல்லாது. இதைவிடக் கவலை தரும் விதி ஒன்று இருக்கிறது. நிறுவனம் பதிவுசெய்யப்பட்ட கம்பெனியாக இருந்து, ஆண்டு அறிக்கைகள் தாக்கல் செய்யப்படாமல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால், அதன் பெயரில் எஞ்சியிருக்கும் சொத்துகள் உரிமையாளரற்ற சொத்தாக அரசுக்குப் போய்ச் சேரும். சொத்து என்றால் மேசையும் கணினியும் மட்டும் அல்ல, ஒலிப்பதிவு உரிமையும் அதில் அடங்கும். அதாவது நிறுவனத்தை நடத்தியவர் சோர்ந்துபோய்ச் சும்மா விட்டுவிட்டால், பாடியவருக்கும் இல்லாமல் வெளியிட்டவருக்கும் இல்லாமல் அந்தப் பாட்டு யாருமற்றதாகிவிடும். அதை மறுவெளியீடு செய்ய விரும்புகிறவர் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பார். கடைசிக் கச்சேரிக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே உரிமை மாற்றப் பத்திரங்கள் எழுதப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கச்சேரியின் பணக்கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அரங்க வாடகை, ஒலியமைப்பு, கலைஞர்களின் பயணச்செலவு ஆகியவற்றை நுழைவுச்சீட்டு விற்பனை ஈடுகட்டினாலே பெரிது. மீதம் இருந்தால் அது நிலுவையில் உள்ள கலைஞர் பங்குகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். பொதுமக்கள் முன் இசை நிகழ்த்த, பாடலாசிரியர்களின் உரிமைகளை நிர்வகிக்கும் சாம்ரோ அமைப்பின் உரிமம் தேவை. 1961-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பிடம் அன்றைய பாடல் பட்டியலை ஒப்படைத்தால்தான் இயற்றியவர்களுக்கு உரியது போய்ச் சேரும். கோயில் மண்டபத்தில் நடத்துகிறோம், இதெல்லாம் எதற்கு என்று நம்மவர்கள் பட்டியலை எழுதாமல் விடுவது வழக்கம். அந்த அலட்சியத்தில் இழப்பவர்கள் நம் பாடலாசிரியர்களே.

சந்தை மாறியதால்தான் சிறு நிறுவனங்கள் மூடப்படுகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. இணையம் வழியே பாட்டுக் கேட்கத் தரும் ஸ்பாட்டிஃபை சேவை 2018 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த மியூசிக்கா கடைகள் 2021 மே மாத இறுதியோடு மூடப்பட்டன. பேரங்காடிகளில் குறுந்தகடு வாங்கும் வழக்கம் அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது. சிறு நிறுவனம் ஒன்று ஐந்நூறு குறுந்தகடு அடித்துத் திருவிழாக் காலத்தில் விற்று முதலை எடுத்த காலம் போய், பல்லாயிரம் முறை கேட்கப்பட்டாலும் ஒரு நாள் கூடத்து வாடகைக்குக்கூடக் காணாத காலம் வந்திருக்கிறது. ஆனாலும் இணைய ஓடைகளில் பாட்டு இருக்கிறது, அதனால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. இடையில் நின்று பாடல்களை அந்தத் தளங்களில் ஏற்றித் தரும் சேவைகள் சில ஆண்டுக் கட்டணம் கட்டினால்தான் பாட்டை அங்கே வைத்திருக்கும். நிறுவனம் மூடப்பட்டுக் கட்டணம் நின்றதும் பாட்டும் மறைந்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் வழங்கப்படும், எழுத்துகளும் எண்களுமாக 12 குறிகள் கொண்ட பன்னாட்டு அடையாளக் குறியீட்டை நிறுவனத்தார் எழுதிவைத்துக் கலைஞரிடம் கொடுத்திருந்தால், வேறு வழியில் அதே பாட்டை மீண்டும் ஏற்ற முடியும். கேட்டவர்களின் கணக்கும் தொடரும். இந்தச் சிறு குறிப்பைக் கலைஞர்களிடம் ஒப்படைப்பது கடைசிக் கச்சேரியின் எந்த நினைவுப் பரிசையும்விட மேலானது.

நாடாக்களின் நிலைமையை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்பனின் காற்று அவற்றுக்கு எதிரி. 1970-களிலும் 80-களிலும் தயாரான பல ஒலிநாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். அப்படிப்பட்ட நாடாவை அப்படியே கருவியில் ஓட்டினால் துகள்கள் உரிந்து, பதிவு கண்ணெதிரே அழியும். குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பிறகு, ஒரு குறுகிய காலத்துக்குள் ஓட்டி எண்ணியல் படியாக மாற்றிக்கொள்ள முடியும்; இது அனுபவமுள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் எழுதிய குறுந்தகடுகளும் நிரந்தரமானவை அல்ல. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் கார் நிறுத்தும் அறையில் பெட்டிக்குள் கிடக்கும் கேசட்டுக்குக் கோடைக்கால வெக்கையும் கடற்காற்றும் ஆண்டுதோறும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

இவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் இல்லாமல் இல்லை. பிரிட்டோரியாவில் தேசியத் திரைப்பட, காணொளி, ஒலி ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் சட்டப்படி வெளியீடுகளின் படிகளை ஒப்படைக்க வேண்டிய கடமை வெளியிடுவோருக்கு உண்டு. டேவிட் மார்க்ஸ் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த, தேர்ட் இயர் மியூசிக் ('மூன்றாம் செவி இசை') என்ற அவருடைய நிறுவனத்தின் பதிவுகளும் ஆவணங்களும் குவாசூலு-நட்டாலிலிருந்து 2013-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு சிறு நிறுவனத்தின் முழு வாழ்வும் தாளும் நாடாவுமாக ஆய்வாளர்களுக்குக் கிடைத்த நல்ல முன்னுதாரணம் அது. நமக்கு இன்னும் அருகில், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையமும், டர்பன் நகரில் 1860 மரபு மையமும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் புகைப்படங்களையும் கடிதங்களையும் நேர்காணல்களையும் சேர்த்துவைக்கும் இந்த இடங்களுக்கு நம் ஆர்க்கெஸ்ட்ராக்களின் ஒலியும் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாடாவைக் கொடுத்தால் மட்டும் போதாது. பெயர்களையும் கொடுக்க வேண்டும். நம் பழைய உறைகளில் பாடியவர் பெயரும் குழுவின் பெயரும் இருக்கும், தவில் வாசித்தவர், ஆர்மோனியம் வாசித்தவர், கோரஸ் பாடிய பெண்கள் ஆகியோரின் பெயர்கள் இருக்காது. அவர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் ஒரே கூரையின் கீழ் கூடும் வாய்ப்பு விடைபெறும் கச்சேரி ஒன்றில்தான் கிடைக்கிறது. அந்த மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு வெளியீட்டின் உறையையும் அதில் பரப்பி, யார் என்ன வாசித்தார்கள், எந்த ஆண்டு, எந்தக் கூடத்தில் என்று வருகிற மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கைப்பேசியில் அவர்கள் குரலையே பதிந்தும் கொள்ளலாம். வானொலியில் பதிவு ஒலிக்கும்போது கலைஞருக்குக் கிடைக்க வேண்டிய பங்கைச் சாம்ப்ரா அமைப்பு வசூலித்துத் தருகிறது. அந்தப் பங்கு கோரஸ் பாடியவருக்கோ தவில்காரருக்கோ அவர் வாரிசுக்கோ போய்ச் சேர வேண்டுமானால், பதிவில் அவர் இருந்தார் என்பதற்கு இப்படிப்பட்ட எழுத்துச் சான்று வேண்டும். 1983-இல், லோட்டஸ் தொடங்கிய ஆண்டில், வெளியான ஓர் உள்ளூர்க் கேசட்டின் ஒலிப்பதிவு உரிமை 2033 இறுதியில் முடிகிறது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குவதற்கு அதுவரைதான் காலம் இருக்கிறது.